நாற்காலி இல்லாத நாளில் கூடுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 56 வயது. ஏழு மாதமாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலை முறை. வீட்டுக்காரர், மகளைத் தவிர பெரிய அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். கிள்ளானில் இருக்கும் சின்ன அண்ணன் டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்ப ஒன்றுகூடல் வைக்கிறார். கேமரன் மலையில், வெள்ளி முதல் ஞாயிறு வரை. ஆளுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் சரி என்று போட்டாயிற்று, நான் மட்டும் பாக்கி. 83 வயது அம்மாவும் வருகிறார். இப்போது போய் இதைச் சொன்னால் எல்லாருடைய சந்தோஷமும் கெட்டுவிடும். ஒரே ஒரு நாள் டயாலிசிஸை விட்டுவிட்டுப் போய் வந்துவிடலாமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூடாது. சனியை விட்டால் வியாழனுக்கு அப்புறம் செவ்வாய்தான். ஐந்து நாள்! உடம்பில் சேர்கிற நீர் நுரையீரலுக்குப் போனால் மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அப்படி ஒன்று நடுராத்திரியில் வந்தால், அந்த வளைவு ரோட்டில் உங்களை யார் கீழே இறக்குவது?

வெளியூரில் டயாலிசிஸ் செய்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. ஈப்போவில் ஒரு நிலையத்தில் சனிக்கிழமைக்கு இடம் கேட்கலாம். ஆனால் பல வாரம் முன்னாலேயே கேட்க வேண்டும். டாக்டர் கடிதம், ஹெப்படைடிஸ் பி, சி, எச்ஐவி இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் கேட்பார்கள். கட்டணம் யார் தலையில் என்பதும் தெரிய வேண்டும். அப்புறம் நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு மறுபடி மலை ஏறுவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

சொல்லாமல் இருப்பதைப் பற்றி என் கதையைக் கேளுங்கள். என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடம் டயாலிசிஸ் ஓடியது. முதல் வருடம் நாங்களும் மூடி மறைத்தோம். நாத்தனாருக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒரு கல்யாணப் பந்தியில். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கணவருக்கு, டயாலிசிஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலி. "உங்க அண்ணன் இப்போ பரவாயில்லையா?" என்று அந்த அம்மா நல்ல மனசோடுதான் கேட்டார். நாத்தனார் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வியாதிக்காக அழவில்லை. "ஊரார் சொல்லி எனக்குத் தெரியணுமா?" என்றுதான் அழுதார். இரண்டு தீபாவளி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதனால் குழுவில் எழுதாதீர்கள். பிறந்தநாள் கேக் படத்துக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூவுக்கும் நடுவில் போட வேண்டிய செய்தியா இது? இன்றைக்கே சின்ன அண்ணனைக் கூப்பிடுங்கள். "அண்ணா, எனக்குக் கிட்னி போய்விட்டது, வாரம் மூன்று நாள் மெஷினில் இருக்கிறேன். நடக்கிறேன், சமைக்கிறேன். கேமரன் வர முடியாது, ஆனால் எல்லாரையும் பார்க்கணும். ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் வைக்கலாமா?" இவ்வளவுதான். முதலில் கோபப்படுவார், ஹோட்டலுக்குப் பணம் கட்டியிருப்பார் அல்லவா. கோபம் அடங்கியதும் மற்றவர்களுக்குச் சொல்லும் வேலையை அவரிடமே விடுங்கள். ஏற்பாடு செய்கிறவருக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அவருக்கும் நிம்மதி.

அம்மாவுக்கு மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் ஒன்றுகூடலுக்கு முன்னால், நேரில். என் மாமியாரிடம் என் வீட்டுக்காரர் அதிகம் பேசவில்லை. ஊசி போடும் இடது கையை நீட்டி, டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து தடிக்க வைத்த நரம்பின் மேல் அம்மாவின் விரலை எடுத்து வைத்தார். மடியில் படுத்த பூனை உறுமுவதுபோல் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். "இது ஓடுகிற வரைக்கும் மெஷின் நன்றாக வேலை செய்யும்மா" என்றார். அன்றிலிருந்து மாமியார் தினமும் காலையில் வந்து தொட்டுப் பார்ப்பார். உங்கள் அம்மாவுக்கும் பாதி தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வீங்கின காலை எந்தத் தாய் கவனிக்காமல் இருப்பாள்? அப்படியே பேரப்பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்: உங்கள் ஊசிக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அதில் பை மாட்டக் கூடாது.

இடத்துக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகும் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் உங்கள் ஊர்தான் கடைசி நிலையம். பிள்ளைகளுக்குப் பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெர்ரி இருக்கிறது. அங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும், அந்தப் படிகளை நீங்கள் ஏற வேண்டாம். எல்லாரும் சனிக்கிழமை வந்து சேரட்டும், ஆனால் அன்று சாயந்திரம் உங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வரக் கூடாது. மெஷினிலிருந்து வந்தவருக்குத் தூக்கம்தான் விருந்து. ஞாயிறு மதியம் தாமான் மண்டபத்தில் சாப்பாடு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது செவ்வாய்க்கிழமை வரை உங்களோடுதான் இருக்கும். வாரத்திலேயே நீளமான இடைவெளி அது.

என் வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்ன கணக்கு நாளுக்கு 750 மில்லி. காலையில் அந்த அளவுக்கு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பேன். அவர் ஒரு கோப்பை கோப்பி குடித்தால் அதே கோப்பையால் பாட்டிலிலிருந்து அளந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசத்துக்கும் மோருக்கும் அதே சட்டம். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. ஆறு வருடத்தில் செடி கூரையைத் தொட்டுவிட்டது! உங்கள் அளவு வேறாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா சும்மா இருக்க மாட்டார், உருளைக்கிழங்கை அவரிடம் கொடுங்கள். தோல் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிரட்டினால் பொட்டாசியம் குறையும். இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று யாராவது அக்கறையாக வாங்கி வந்தால் அதையும் தொடாதீர்கள். பலவற்றில் உப்புக்குப் பதில் இருப்பதே பொட்டாசியம்தான். பெலிம்பிங் என்கிறோமே, அந்த நட்சத்திரப் பழம் மேசைக்கே வரக் கூடாது. கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு அது விஷம். விக்கலில் ஆரம்பிக்கும், நினைவு தடுமாறி, வலிப்பு வரைக்கும் போய், உயிரையே எடுத்துவிடும்.

வேர், இலை, கஷாயம் என்று பையோடு வருகிற பெரியம்மா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குடிக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கீமோ நடக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வீட்டுக்கும் வரப் பார்க்கிறார்கள்.
- வாசகர், செந்தூல்

பதில்: அத்தைகளில் நன்றாகப் பேசுகிற ஒருவரைப் பிடித்து, இரவு எட்டு மணிக்கு அவருக்கு மட்டும் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். மற்றவர்கள் அவரைக் கேட்கட்டும். பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு, ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில்தான் கிருமியோடு சண்டை போடும் வெள்ளணு மிகக் குறைந்திருக்கும். அந்த வாரம் யாரும் வர வேண்டாம். அடுத்த ஊசிக்கு முந்தைய சில நாள்கள் பரவாயில்லை, டாக்டரிடம் கேட்டு நாள் சொல்லுங்கள். இருமலோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள், தாய்மாமனாக இருந்தாலும்.

கேள்வி: எங்கள் ஒன்றுகூடலுக்கு ஒரே நிற டி-சட்டை. பக்கவாதம் வந்த மாமாவுக்குப் போட்டுவிட முடியுமா? என்ன நிறம் நல்லது?
- வாசகி, பூச்சோங்

பதில்: ஓர் அளவு பெரியதாக, கழுத்தில் பொத்தான் வைத்ததாக எடுங்கள். போடும்போது வலுவில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். நிறமா? மஞ்சள். வாழையிலைச் சாப்பாட்டில் குழம்பு சிந்தினாலும் தெரியாது.