போக 8 மணி, வர 7 மணி

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் தூரம் ஒன்றுதானே? பிறகு ஏன் விமானத்தில் நியூயார்க் போக 8 மணி நேரம், லண்டன் திரும்பி வர 7 மணி நேரம்?

பதில்: தூரம் ஒன்றுதான், சுமார் 5,540 கி.மீ. வித்தியாசம் காற்றில். ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைக்கூடத் தாண்டும். லண்டன் வரும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். நியூயார்க் போவதை மறிக்கும்.

தோராயமாகக் கணக்கிட, கி.மீ. தூரத்தை 850ஆல் (விமானம் மணிக்குச் செல்லும் கி.மீ.) வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டுங்கள்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பலர் ஏமாறுவது இங்கேதான். லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பகல் 1 மணிக்கு இறங்கினால் பயணம் 3 மணி நேரமல்ல. 5 மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்தால் 8. (மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் சில நாட்களுக்கு அந்த வித்தியாசம் 4 மணிதான், இரு நாடுகளும் கடிகாரத்தை ஒரே தேதியில் மாற்றுவதில்லை.)