கணக்குப் பாடவேளைக்கு மட்டும் மேல்வகுப்பு

கேள்வி: மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கடை வைத்திருக்கிறோம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன், மல்லிகையின் கிலோ விலையைச் சொன்னால் 350 கிராமுக்கு எவ்வளவு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுகிறான். வகுப்பில் இன்னும் ஈரிலக்கக் கூட்டல்தான் நடக்கிறது. பள்ளிக்குப் போகவே சலித்துக்கொள்கிறான். அவனை நேராக நான்காம் வகுப்பில் சேர்க்கச் சொல்லலாமா?
– ஒரு தாய், மதுரை.

பதில்: முழு வகுப்பையும் தாண்டவைக்க அவசரப்பட வேண்டாம். எழுத்து வேகமும் விளையாட்டுத் தோழர்களும் ஏழு வயதுக்குரியவையாகவே இருக்கும் என்பதால், கணக்குப் பாடவேளைக்கு மட்டும் அவனை மேல்வகுப்பில் உட்காரவைக்குமாறு கேட்பதே பொருத்தம்.

அதற்கு முன், அந்த 350 கிராம் விலையை எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவனிடமே கேளுங்கள். கால் கிலோ விலையோடு ஒரு கிலோ விலையில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்ததாக அவன் விளக்கினால், அது வெறும் வேகமன்று, விகிதத்தைப் புரிந்துகொண்ட சிந்தனை.

‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்று மட்டும் சொன்னால் தலைமையாசிரியர் புன்னகையோடு அனுப்பிவிடுவார். மூன்றாம், நான்காம் வகுப்புப் பருவத்தேர்வு வினாத்தாள்களை உதவியின்றி எழுதச் செய்து, பிழைகளைத் திருத்தாமல், அப்படியே எடுத்துச் செல்லுங்கள். உண்மையான முட்டுக்கட்டை கால அட்டவணைதான்: இரு வகுப்புகளுக்கும் கணக்குப் பாடவேளை ஒரே நேரத்தில் அமைய வேண்டும். ஆகவே ஜூனில் பள்ளி திறக்கும்வரை காத்திராமல், அட்டவணை போடுவதற்கு முன்பே பேசி, ஒரு பருவத்துக்குச் சோதனையாக அனுமதிக்கக் கேளுங்கள்.