டயோரமாவில் மழையும் சேறும் ஏன் பொம்மை மாதிரியே தெரிகின்றன?

தயார் சேறு, தயார் தண்ணீர் எல்லாம் வாங்கிப் போட்டும் உங்கள் 1:35 டயோரமா (நிஜத்தை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் மாதிரிக் காட்சி) பொம்மை மாதிரியே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக வண்டியைத் தனியாக, தரையைத் தனியாகச் செய்துவிட்டு, கடைசியில் கொண்டுபோய் ஒட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

மழை விட்ட மண்பாதை, அதில் நிற்கும் ஒரு ராணுவ லாரி. தரைக்கு மட்டும் மூன்று மாதம் ஆனது. ஃபோம் பலகையில் பள்ளம் சீவி, பிளாஸ்டரோடு வெள்ளைப் பசை, நிறப்பொடி, நறுக்கிய நார் சேர்த்துச் சேறு குழைத்துப் பூசினேன். ஈரம் காயும் முன் உதிரிச் சக்கரத்தை உருட்டித் தடம் எடுத்தேன். பள்ளங்களில் தண்ணீருக்காக எபாக்ஸி ரெசின், அதாவது ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின். ஒரேயடியாகக் கனமாக ஊற்றினால் சூடேறி அடியிலிருக்கும் ஃபோம் சுருங்கிவிடும் என்பதால், ரசமட்டம் வைத்துப் பார்த்து, 2 மி.மீ. அடுக்குகளாக ஊற்றினேன். லாரியையும் வைத்தாயிற்று. நண்பர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "பாதை நனைஞ்சிருக்கு, லாரி நனையவே இல்லையே?" என்றார்.

அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த மழை விட்டதும் வெளியே நின்ற ஒரு வண்டியைப் போய்ப் பார்த்தேன். அடியில் மண் வெளிறிக் காய்ந்து கிடந்தது. வண்டியின் ஓரத்துக்கு நேர் கீழே, சொட்டு விழுந்து விழுந்து வரிசையாகச் சின்னக் குழிகள். குட்டைக்கும் காய்ந்த மேட்டுக்கும் நடுவில் அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை. அதில் பளபளப்பே இல்லை. நானோ எல்லா இடத்திலும் பளபள வார்னிஷ் அடித்து வைத்திருந்தேன்.

திரும்ப உட்கார்ந்து மேடுகளுக்குப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ், நடுப்பட்டைக்கு அடர்நிறம் கொடுத்தேன். பளபளப்பைக் குட்டைகளோடு நிறுத்திக்கொண்டேன். லாரிக்கு அடியில் காய்ந்த நிறப்பொடி தூவி, ஓரத்தில் ஊசியால் குழிகள் குத்தினேன். தார்ப்பாயின் மடிப்புகளில் மட்டும் ரெசின் ஒரு சொட்டு. அப்புறம்தான் மழை பெய்த மாதிரி இருந்தது.

அளவையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1:35-இல் 1 மி.மீ. மணல் துகள் என்றால் நிஜத்தில் 3.5 செ.மீ. கல். மணலைச் சலிக்காமல் தூவினால் மண்பாதை ஜல்லிப் பாதையாகிவிடும். 2 மி.மீ. ரெசின் 7 செ.மீ. ஆழக் குட்டை, பாதைக்கு அதுவே தாராளம்.

மழைக்குப் பதில் உறைபனிக் காட்சி செய்வதாக இருந்தால், பனிக்குச் சமையல் சோடா வேண்டாம். "என்னுடையது பல வருஷமாக வெள்ளையாகத்தான் இருக்கிறது" என்று யாராவது வந்து சொல்லலாம், நான் மறுக்கவில்லை. என்னுடையது எட்டு மாதத்தில் மஞ்சளித்து, சுரண்டி எடுக்கவும் முடியாமல் போனது. இப்போது நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த் தூள்தான். முகமூடி போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுவேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த லாரியை ஒரு போட்டிக்குக் கொண்டுபோனேன். நடுவர் டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் பாகங்களை ஒட்டிய கோடு தெரிகிறதா என்றுதான் தேடினார். தரையை அவர் பார்க்கவே இல்லை. டயோரமா என்று தனிப் பிரிவு வைத்துவிட்டு வண்டிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால், தரைக்காக யார் மெனக்கெடுவார்கள்? இதைச் சொன்னால் தோற்றவன் புலம்பல் என்பார்கள். அந்த வருஷம் பரிசு வாங்கியவருடைய தரையும் அருமையாகத்தான் இருந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். வண்டியை இன்னும் ஒட்டவில்லை என்றால் பசையைத் தொடாதீர்கள். சும்மா தரைமேல் வைத்து, மழை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்துக் கதவில் தூசி கரைந்து வழிந்த கோடுகள் இருக்கட்டும், மறுபக்கத்துக் கதவில் பழைய தூசி அப்படியே இருக்கட்டும்.