பார்சலில் வந்த அடைமுட்டை: வாசகர் சந்தேகங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். வெளியூரிலிருந்து அடைமுட்டை வரவழைத்து, வீட்டு இன்குபேட்டரில் வைத்து, 21 நாள் காத்திருந்து ஏமாந்தவர்கள் எழுதியவை. நன்றாகப் பொரித்தவர்கள் யாரும் எழுதுவதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

*ஐயா, பொள்ளாச்சிப் பக்கமிருந்து அசில் இனச் சண்டைக்கோழி முட்டை ஒரு டஜன் பஸ் பார்சலில் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் இன்குபேட்டரில் அடுக்கிவிட்டேன். மூன்றே குஞ்சுகள் வந்தன. விற்றவர் கூமுட்டையைத் தலையில் கட்டிவிட்டாரா? (பெருங்குடி)*

இருக்கலாம். ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன் முட்டை வந்த வழியைப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் வாங்கிய புது முட்டையில் பத்துக்கு எட்டு பொரிக்கும் என்றால், 500 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி வந்த முட்டையில் பாதி பொரித்தாலே நான் நல்ல கணக்கு என்பேன். பல நேரங்களில் அதுவும் கிடைக்காது.

வழியில் இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன. முதலாவது குலுக்கல். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. தொடர்ந்து அதிர்ந்தால் அதன் சவ்வு பிடிப்பை விட்டுவிடுகிறது. இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தால், முட்டையைச் சாய்க்கும்போது காற்றுக் குமிழி இடம் மாறுவது தெரியும். கடைசி நாட்களில் குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்த அறைக்குள்தான். அது இடம் தவறினால், முழுதாக வளர்ந்த குஞ்சும் ஓட்டுக்குள்ளேயே முடிந்துபோகும்.

ஆகவே பார்சலைப் பிரித்ததும் கூர்முனை கீழே இருக்கும்படி அட்டைத் தட்டில் நிறுத்தி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் 12 முதல் 24 மணி நேரம் சும்மா வையுங்கள். இன்குபேட்டருக்குள் போன பிறகும், காற்றறை தளர்ந்த முட்டைகளை முதல் இரண்டு மூன்று நாள் திருப்ப வேண்டாம். அதே நிலையில் நிற்கட்டும். பிறகு மெதுவாகச் சாய்க்கத் தொடங்கலாம்.

இரண்டாவது கெடுதல் வெயில். இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கரு உறங்குகிறது. 37.5 டிகிரியில் ஒழுங்காக வளர்கிறது. இடைப்பட்ட 30, 32 டிகிரியில் முழு உறக்கமும் இல்லை, சரியான வளர்ச்சியும் இல்லை. கோணல்மாணலாகக் கொஞ்சம் வளர்ந்து, பலவீனப்பட்டு, இன்குபேட்டரில் வைத்த முதல் சில நாட்களில் இறந்துவிடுகிறது. சித்திரை வைகாசியில் பஸ்ஸின் சரக்கு அறையில் ஓர் இரவும் அரைப்பகலும் கிடந்த முட்டைக்கு நேர்வது இதுதான். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மார்கழி, தை மாதங்களில் வாங்குங்கள். கத்திரி வெயிலில் அடைமுட்டை பார்சல் எடுப்பது பணத்தை வெயிலில் காயவைப்பதுதான்.

குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏழாம் நாள் ஒளியில் பார்த்து, நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்து ஒரு தட்டில் உடையுங்கள். மஞ்சள் கருவின் மேல் ஓர் ஓரமில்லாத சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் அந்த முட்டையில் சேவலின் வேலையே இல்லை. புள்ளியைச் சுற்றி வட்டம் விரிந்திருந்தால், அல்லது ரத்தக் கோடு வளையமாக நின்றிருந்தால், கரு கூடிய முட்டைதான், பிறகு செத்திருக்கிறது. எல்லா முட்டையும் முதல் ரகம் என்றால் விற்றவரிடம் தாராளமாகக் கேளுங்கள். இரண்டாம் ரகம் என்றால் வழியையும் உங்கள் பெட்டியையும்தான் சந்தேகிக்க வேண்டும். குப்பையில் போடுவதற்கு முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்யாமல் விற்றவரோடு சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன் முட்டை இட்ட தேதியைக் கேளுங்கள். ஏழு நாளுக்கு மேற்பட்டதை எடுக்காதீர்கள். ஒரு சேவலுக்கு எத்தனை பெட்டை என்றும் கேளுங்கள். பத்துக்கு மேல் போனால் எனக்குச் சந்தேகம் வரும். அசில் போன்ற கனத்த சேவல் என்றால் அதற்கும் முன்பே வரும்.

*இன்குபேட்டர் பெட்டியோடு வந்த குறிப்பில் தண்ணீர்த் தடத்தை எப்போதும் நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கிறது. அப்படியே செய்தேன். இருபதாம் நாள் வரை உயிரோடு இருந்த குஞ்சுகள் ஓட்டை உடைக்காமலே செத்துவிட்டன. உடைத்துப் பார்த்தால் ஒரே ஈரம். (திருவான்மியூர்)*

கடற்கரைக்கு அருகில் இருந்துகொண்டு தண்ணீரையும் ஊற்றியிருக்கிறீர்கள். குறிப்பை எழுதியவருக்குத் திருவான்மியூர் காற்று தெரியாது.

முட்டை 18 நாளில் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். 50 கிராம் முட்டை 44 கிராமுக்கு வர வேண்டும். அப்போதுதான் காற்றறை பெரிதாகி, குஞ்சு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஈரப்பதம் அதிகமானால் தண்ணீர் உள்ளேயே தங்கி, குஞ்சு அதிலேயே மூழ்கிவிடுகிறது. உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் 18 நாட்களுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும். சென்னையில் அது பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. அறையில் 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அதே காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 50க்கு அருகில் இறங்கிவிடும். வேண்டியது அதுதானே? தடத்தை உலர விட்டு, ஈரப்பதமானி 40க்குக் கீழே போனால் மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

ஏசி அறையில் வைத்திருப்பவர்களுக்குக் கதை தலைகீழ். 24 டிகிரியில் 50 சதவீதம் உள்ள அறைக் காற்று, பெட்டிக்குள் 25க்கும் கீழே போய்விடும். அவர்கள் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டு, அப்போது தண்ணீர்த் தடத்தை நிரப்புங்கள். 65 முதல் 70 வரை ஏறட்டும். காற்றுத் துளையை மட்டும் எந்த நாளும் அடைக்காதீர்கள். ஈரப்பதமானியை நம்பாதவர்கள் சமையலறைத் தராசில் தட்டோடு வாரம் ஒருமுறை எடை பார்க்கலாம். நான் தராசைத்தான் நம்புகிறேன்.

*மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் இன்குபேட்டர் வைக்கலாமா? (வியாசர்பாடி)*

கூடாது. வீட்டு இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மே மாதப் பிற்பகலில் அந்த அறை 40 டிகிரியைத் தொட்டால் பல்பு அணைந்திருந்தாலும் முட்டை வெந்துகொண்டுதான் இருக்கும். குளிர்ச்சியைக் கரு சில மணி நேரம் பொறுத்துக்கொள்ளும், அதிகச் சூட்டைப் பொறுக்காது. கீழ்வீட்டில், வெயில் படாத உள்ளறைக்குக் கொண்டுபோங்கள்.

*இரண்டு தெர்மாமீட்டர் வைத்தேன். ஒன்று 37 காட்டுகிறது, இன்னொன்று 38.2. எதை நம்புவது? (அம்பத்தூர்)*

வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும். அது சரியாக இந்த அளவுகளுக்காகவே செய்யப்பட்டது. முட்டைகளின் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். விசிறி உள்ள பெட்டியில் அது 99.5 முதல் 100 ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். விசிறி இல்லாத தெர்மாகோல் பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 101, 102 வரை இருக்கலாம். குஞ்சுகள் 19, 20 நாளிலேயே தொப்புள் மூடாமல் வந்தால் பெட்டி சூடு அதிகம். 22, 23 வரை இழுத்தால் குறைவு.

*மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை மின்சாரம் நிறுத்துகிறார்கள். எல்லாம் போய்விடுமா? (கொளத்தூர்)*

போகாது. சென்னை அறை வெப்பத்தில் ஐந்து மணி நேரத்தைப் பெரும்பாலான முட்டைகள் தாங்கும். பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரத்தில் மூடியைத் திறக்காமல் மேலே கெட்டித் துணியைப் போர்த்துங்கள், காற்றுத் துளைகள் மட்டும் திறந்திருக்கட்டும். கடைசி வாரத்தில் போர்த்த வேண்டாம். அப்போது குஞ்சுகளே உள்ளே சூட்டை உண்டாக்கும், விசிறியும் நின்றிருக்கும். தடை அறிவிப்பு முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. முட்டை அடுக்கும் தேதியை முடிவு செய்யும்போது அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

*ஐப்பசியில் இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்கிறார் மாமியார். கரித்துண்டும் மிளகாய் வற்றலும் இரும்பு ஆணியும் போடச் சொல்கிறார். (பூந்தமல்லி)*

இடிச் சத்தத்தால் கரு கலங்குவதில்லை. ஆனால் இடியோடு வரும் மழைச்சாரல் கூடையை நனைப்பதும், மிரண்ட கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடுவதும் உண்டு. இந்த வழக்கம் அந்த அனுபவத்தில் வந்திருக்கலாம். அடைக்கோழியின் கூடையில் மணலுக்கு அடியில் இவற்றைப் போடுவதால் கெடுதல் எதுவும் இல்லை, மாமியாரும் மகிழ்வார். இன்குபேட்டருக்குள் மட்டும் மிளகாய் வேண்டாம், விசிறி இருக்கிறது.

உங்கள் வீட்டில் அடைக்கோழி இருக்கிறது என்றால், பார்சல் முட்டையை அதனிடமே கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம், இரவில் வையுங்கள். தட்டுத் தடுமாறி வந்த முட்டைக்கு எந்தப் பெட்டியையும்விட அவள்தான் மேல்.

*கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை. உண்மையா? (ராயபுரம்)*

இல்லை. எந்த முட்டையானாலும் ஏறக்குறைய பாதி சேவல்கள்தான் வரும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முட்டை வாங்குவதற்கு முன்பே அவை விடியற்காலையில் கூவும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

*கடையில் வாங்கிய முட்டையில் குஞ்சு வருமா? பள்ளியில் செய்துகாட்டச் சொன்னார்கள். (மடிப்பாக்கம்)*

நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் வெள்ளை முட்டையில் வராது. அங்கே கூண்டுகளில் சேவலே கிடையாது. நாட்டுக்கோழி முட்டை என்று விற்பதில் ஒன்றிரண்டு வரலாம், உறுதியில்லை. குழந்தைகளுக்குக் காட்ட என்றால் காடை முட்டையைத் தேடுங்கள். 17, 18 நாளில் வந்துவிடும், பிள்ளைகளின் பொறுமையும் தாங்கும். மாதவரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின நிலையத்தில் விசாரியுங்கள். நந்தனம் கோழி, நந்தனம் காடை என்று சென்னையின் நந்தனம் பகுதியின் பெயரிலேயே இனங்களை உருவாக்கியவர்கள் அவர்கள்தான். பஸ் பார்சல் தேவையே இல்லை.

*மயில் முட்டை கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். இன்குபேட்டரில் வைக்கலாமா? (தாம்பரம்)*

தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ள பறவை மயில். முட்டையை எடுப்பதே குற்றம். அவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

*ஓட்டில் துளை போட்ட குஞ்சு எட்டு மணி நேரமாக அப்படியே இருக்கிறது. உடைத்து உதவட்டுமா? (முகப்பேர்)*

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். முதல் துளைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு ஓய்வெடுப்பது வழக்கம். அந்த நேரத்தில்தான் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவும் ஓட்டுச் சவ்வில் ஓடும் ரத்தமும் உள்ளே இழுக்கப்படுகின்றன. அவசரமாக உரித்தால் ரத்தம் கசியும். ஆசை தாங்காமல் மூடியைத் திறந்து பார்ப்பதும் உதவி அல்ல. திறந்த நொடியில் ஈரம் வெளியேறி, சவ்வு காகிதம்போல் காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். 24 மணி நேரம் தாண்டியும் அசைவில்லாமல், சவ்வு பழுப்பாக உலர்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அதை நனையுங்கள். ரத்தம் தெரிந்தால் அத்துடன் நிறுத்துங்கள்.

வெளியே வந்த குஞ்சு பெட்டிக்குள்ளேயே காயட்டும். உள்ளே இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்கு உணவாகும்.

*குஞ்சுகள் வந்துவிட்டன, ஒன்பது! முதல் வாரம் என்ன செய்வது? (ஆவடி)*

ஒன்பதா! வாழ்த்துகள். தரையில் செய்தித்தாள் போடாதீர்கள். வழுக்கிக் கால் விரிந்துவிடும். சாக்கோ உமியோ போடுங்கள். பல்புக்கடியில் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறையுங்கள். ஆவடி வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாமல் போகலாம். குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர், விலகி வாய் பிளந்தால் சூடு.

ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா (ராணிக்கெட் நோய்த் தடுப்பு) சொட்டு மருந்து, பதினான்காம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, நான்காம் வாரம் மீண்டும் லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் மருந்தில்லை. தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு மேல் போடும் அளவில்தான் கிடைக்கும், கலந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரே காலையில், ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி வந்து எல்லோரும் போட்டுவிடுங்கள்.