மெல்லிய மணிக்கூடு: டைட்டன் எட்ஜா, சிட்டிசன் ஈக்கோ டிரைவா?

கல்லடி: அண்ணன், எனக்கு வங்கி வேலை, ஒவ்வொரு நாளும் முழுக்கை சேர்ட். ரெண்டில எதை எடுக்கலாம்?

சேர்ட் கைக்குள்ள போகுமா என்டுதான் யோசனையெண்டால், ரெண்டும் போகும். 8 மிமீ தடிப்பு வரைக்கும் பொத்தான் போட்ட கைக்குள் தடங்கல் இல்லை. 2002 இல் வந்த எட்ஜின் தடிப்பு 3.5 மிமீ, உள்ளே இருக்கிற இயந்திரம் 1.15 மிமீதான். ஈக்கோ டிரைவில் 2.98 மிமீ மாடலும் 2016 இல் வந்தது, ஆனால் அது விலையில் வேறு உலகம்; நம்ம கடைகளில் இருப்பவை எட்ஜை விடத் தடிப்பு. முடிவைத் தீர்மானிப்பது பற்றரிதான். தினமும் கட்டுவீங்க என்டால் ஈக்கோ டிரைவ் எடுங்க, தம்பி. அது வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும், பின்மூடி திறக்கும் வேலை மிகக் குறைவு; எட்ஜுக்குப் பற்றரி மாத்த வேணும்.

காத்தான்குடி: மூடி திறந்தா என்ன, நானா? பற்றரி மாத்துறது சின்ன வேலைதானே?

தடிப்பான மணிக்கூட்டில் சின்ன வேலை. மெல்லியதில் அப்படி இல்லை. மூடி அழுத்திப் பூட்டுற வகையென்டால், கத்தியால் நெம்பினால் விளிம்பு வளையும். திருப்பி அழுத்தும்போது அழுத்துற கருவியின் அச்சு கண்ணாடியின் நடுவில் பட்டால் கண்ணாடி வெடிக்கும், இறப்பர் வளையம் மடிந்தால் ஈரம் புகும். பற்றரியில் எண்ணைப் பாருங்க: 616 என்டால் தடிப்பு 1.6 மிமீ, 621 என்டால் 2.1. அரை மிமீ கூடினாலே தொடுதகடு வளைஞ்சிடும். முன்னால் எஸ்ஆர் என்டிருந்தால் சில்வர் ஒக்சைட், 1.55 வோல்ட், எல்ஆர் என்டால் அல்கலைன், விலை குறைவு, கசியும். பழையதைக் கையில் வாங்கி, அதே எண்ணா என்டு பார்த்திட்டுக் காசைக் குடுங்க.

காத்தான்குடி (அவரே): தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழூ எடுக்கும்போது கழற்ற வேணுமா?

கழற்றுங்க. 3 பார் (தண்ணி அழுத்த அளவு) என்டு எழுதியிருந்தால் தெறிக்கிற தண்ணி, மழைத் தூறல் மட்டும் தாங்கும். அதை 30 மீற்றர் ஆழம் என்டு நினைச்சு வாவியில இறங்கிறவங்களும் இருக்கிறாங்க! தோல் பட்டி என்டால் ஐந்து நேரமும் நனைந்து ஒரு வருஷத்துக்குள்ளேயே நாறத் தொடங்கும். எஃகு வலைப்பட்டி மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

அக்கரைப்பற்று: என்ட ஈக்கோ டிரைவில செக்கன் முள்ளு ரெண்டு ரெண்டா தாவுது. பழுதா?

பழுதில்லை, சார்ஜ் குறைஞ்சதற்கான அறிவிப்பு. நீளக்கைக்குள் மறைஞ்சே இருந்தால் இப்படி வரும். முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி ஜன்னலோரம் சில நாள் வைங்க. கார் கண்ணாடிக்கடியிலோ தகரக் கூரையிலோ வேண்டாம், சூடு 60 பாகை செல்சியஸ் தாண்டினால் உள்ளே கெடும். அப்படியும் தாவல் நிற்கவில்லையென்டால் சேமிப்புக் கலம் களைச்சுப் போச்சு. அதற்குரிய கலத்தையே போடச் சொல்லுங்க. சாதாரண பற்றரியைப் போட்டால் சார்ஜ் ஏறி வெடிக்கலாம். செக்கன் முள் இல்லாத மாடலில் இந்த எச்சரிக்கை தெரியாது, வாங்க முதல் யோசிங்க.

சம்மாந்துறை: மணிக்கட்டு சுற்றளவு 15.5 செமீ. 40 மிமீ முகம் பெரிசா?

முகத்தின் அளவை விடுங்க. பட்டி பூட்டுற மேல்காது முனையிலிருந்து கீழ்காது முனை வரை அளங்க. அது உங்கட மணிக்கட்டின் மேற்பரப்பு அகலத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்குக் காது முனைக்குக் காது முனை 45 மிமீ நல்லாயிருக்கும்.

கல்முனை: கல்யாணத்துக்கு மட்டும் கட்டுவேன்.

எட்ஜ். லாச்சிக்குள் இருட்டில் கிடந்தால் ஈக்கோ டிரைவ் நின்றுபோகும். ஆனால் எட்ஜில் செத்த பற்றரியை உள்ளே விட்டு வைக்காதீங்க, கசிஞ்சு இயந்திரத்தைத் தின்னும்.