ஐந்து வருடம் நின்ற மெசி 135: சத்தம் கேட்டவுடன் எஞ்சினை இறக்க வேண்டுமா?

கேள்வி கிளிநொச்சியிலிருந்து வந்திருக்கிறது. அப்பா பாவித்த மெசி பெர்குசன் 135 டிராக்டர், அவருக்கு ஏலாமல் போனபிறகு ஐந்து வருடம் கொட்டிலில் நின்றதாம். மகன் புதுப் பற்றரி போட்டு, டீசல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். முதலில் வெள்ளைப் புகை, பிறகு ஓடியது, ஆனால் 'டக் டக்' என்று ஒரு சத்தம், சூடேறினால் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது. மெக்கானிக் எஞ்சினை இறக்கி முழுசாகச் செய்யவேண்டும் என்கிறார். பெரும்போக உழவுக்கு முன் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, எஞ்சினை இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். ஒயிலைப் பார்க்கும்வரை திரும்ப ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். 135இல் இருப்பது பெர்கின்ஸ் ஏடி3.152, மூன்று சிலிண்டர், இரண்டரை லீற்றர், வண்டி சந்தைக்கு வந்தது 1964 கடைசியில். புதிதாக இருந்தபோதே அது சத்தம் போடுகிற எஞ்சின்தான், புது வண்டிகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு எல்லாமே பழுது மாதிரித்தான் கேட்கும். ஆனபடியால் இது வழமையான சத்தமா, பழுதா என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. அதற்கு ஒரு ஸ்பானர் செட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்), நீட்டு ஸ்குரூ டிரைவர், ஒரு நாள் பொறுமை, இவ்வளவும் போதும்.

வண்டியை ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் டிப்ஸ்டிக்கை இழுங்கள். ஒயில் கறுப்பாய் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், டீசல் எஞ்சினில் அது கறுப்புத்தான். மட்டத்தைப் பாருங்கள், மணந்து பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, ஒயில் தண்ணிபோல இளகி டீசல் மணத்தால், டாங்கிலிருந்து டீசலை இழுக்கிற லிப்ட் பம்பின் டயப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது டீசல் பம்பின் முன்சீல் போயிருக்கலாம். இரண்டும் சம்புக்குள், அதாவது எஞ்சினின் அடியில் இருக்கிற ஒயில் தொட்டிக்குள், டீசலை இறக்கும், அந்த ஒயிலோடு ஓட்டினால் நல்ல பேரிங்கும் தேய்ந்துவிடும். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர். பிறகு சம்பின் அடிப் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் மெல்ல இளக்குங்கள், தண்ணீர் இருந்தால் ஒயிலுக்கு முதல் அதுதான் சொட்டும்.

அந்த ஒயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். அகலமான பேசினில் பிடித்து வெயிலில் சரித்துப் பாருங்கள், மினுமினுப்பாகத் தூள் தெரிந்தால் காந்தத்தை விட்டுப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, மெல்லிய மாவாய்க் கொஞ்சம் ஒட்டுவது பழைய எஞ்சினில் பெரிய விசயமில்லை. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ செதிலாய்த் தெரிந்தால் அது பேரிங் உலோகம். அப்படியென்றால் மெக்கானிக் சொல்வது சரி, மேற்கொண்டு ஓட்டாதீர்கள். இல்லையென்றால் 15W-40 ஒயிலும் புது ஃபில்டரும் போடுங்கள். குடுவைக்குள் எலிமென்ட் வைக்கிற வகை ஃபில்டர் என்றால் பள்ளத்துக்குள் கிடக்கும் பழைய ரப்பர் வளையத்தைக் கட்டாயம் கிண்டி எடுங்கள். அதன்மேல் புதுசைப் போட்டால் ஒயில் முழுக்க வெளியே வந்துவிடும்.

சரி, இப்போது சத்தத்துக்கு வருவோம். முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துங்கள். சத்தம் போய்விட்டால் அது வாட்டர் பம்ப் பேரிங் அல்லது டைனமோ, எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனையோ எஞ்சின் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமலே இறக்கப்பட்டிருக்கிறது. போகவில்லையென்றால் பெல்ட்டைப் போட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாக இளக்குங்கள். துணியால் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு. அந்தக் குழாயில் வருகிற டீசல் அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே போகும், விளையாட்டில்லை. இளக்கினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் அது நின்றுவிடும், எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ, கோளாறு அந்தச் சிலிண்டரில். இன்ஜெக்டர் நாசில் சொட்டினாலும் அப்படித்தான் அடிக்கும், அதோடு புகையும் வரும். ஐந்து வருடம் நின்ற வண்டியில் எனக்கு முதலில் சந்தேகம் அதில்தான். இன்ஜெக்டரைக் கழற்றி பம்ப் வேலை செய்கிற கராஜில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள், எஞ்சின் இறக்குவதைவிட எவ்வளவோ மலிவு.

எதை இளக்கினாலும் சத்தம் மாறவில்லையென்றால் எஞ்சினின் மேல்பகுதியைப் பாருங்கள். ராக்கர் (வால்வை அழுத்துகிற கை) கவரைத் திறந்து, ஐடிலில் ஒவ்வொரு ராக்கரிலும் ஒயில் கசிகிறதா என்று பாருங்கள். நின்ற வண்டியில் ஒயில் வழி கசடால் அடைபட்டு மேல்பகுதி காய்ந்து கிடக்கும், அப்போது டப்பெட்டை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியை, எத்தனை தரம் சரி பண்ணினாலும் ஒரு கிழமையில் திரும்பச் சத்தம் வரும். ஒயில் வருகிறதென்றால் குளிர்ந்த எஞ்சினில் அந்த இடைவெளியை 0.30 மில்லிமீற்றர், பழைய ஆட்கள் சொல்கிற 12 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு), வைத்துப் பூட்டுங்கள். சூட்டில் வைப்பதென்றால் 0.25.

சூடேறினால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல செய்தி. பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரில் அடிக்கிற சத்தம் அப்படித்தான், விரிந்ததும் குறையும். அதோடு இன்னும் பல போகம் உழலாம். பயப்பட வேண்டியது மறுபக்கம்: சூடேற ஏற ஆழமாய் வருகிற அடி, அக்ஸிலேற்றரைக் கூட்டிச் சட்டென்று விடும்போது தெளிவாய்க் கேட்கும் அடி. அது கனெக்டிங் ராட் பேரிங். சந்தேகம் தீர ஒயில் பிரஷர் கேஜ் ஒன்றைப் பூட்டுங்கள், டாஷ்போர்ட் கேஜை நம்பாதீர்கள். நல்ல சூட்டில் முழு வேகத்தில் 30 முதல் 60 பிஎஸ்ஐ வரவேண்டும். அடிச்சத்தமும் இருந்து, முள்ளும் 30ஐத் தொடவில்லையென்றால் எஞ்சினை இறக்கலாம்.

மற்றதெல்லாம் கவனிப்பாரற்று விட்டதன் விளைவு, ஒரு பின்னேரத்தில் முடியும். டாங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்குங்கள், டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். இதிலிருக்கிற சிஏவி டீசல் பம்புக்கு டீசல்தான் ஒயில், 2022 தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வண்டிகளின் பம்புகள் அதனால்தான் தேய்ந்துபோயின. ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் களிமண் இருக்கும், டீசலில் கழுவிக் கோட்டளவுக்கு மட்டும் ஒயில் விடுங்கள், கூட விட்டால் எஞ்சின் அதை இழுத்துக்கொண்டு ஓடும். மேலே நிற்கிற சைலன்சர் குழாயில் இனி மறக்காமல் ஒரு மீன் டின்னைக் கவிழ்த்து வையுங்கள். கொட்டிலில் ஒழுக்கு இருந்திருந்தால் அந்த வழியால் தண்ணீர் இறங்கி வால்வு துருப்பிடித்திருக்கும், வெள்ளைப் புகைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வளவும் சரியென்றால் முதலில் மேட்டுக்காணியில் கல்டிவேற்றரோடு பாதிச் சுமையில் ஓட்டுங்கள், சேற்றில் இறக்க வேண்டாம். இருபது மணித்தியாலம் போனதும் ஒயிலையும் ஃபில்டரையும் இன்னொரு தரம் மாற்றுங்கள். புது ஒயில் பழைய கசடை இளக்கி ஃபில்டருக்குள் சேர்த்திருக்கும், இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.