டிக் டிக் சத்தத்துக்கு எதை வாங்குவது?

கேள்வி: சொந்த லாரி, நானே ஓட்டுகிறேன். தேங்காய் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டு, வி.கோட்டா வழியாகக் கோலாருக்குப் போவேன். வரும்போது தக்காளி. ஆறு சிலிண்டர் டீசல், பழைய பம்ப் மாடல். ஒரு மாதமாக இன்ஜினில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. காலையில் அதிகம், சூடானால் குறைகிறது. மலையேறும்போது லோடோடு மறுபடி கேட்கிறது. ஒரு மெக்கானிக் டேப்பட் என்கிறார். இன்னொருவர் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். ஆயில் கடையில் ஒரு டப்பா மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். எதற்குப் பணம் செலவழிப்பது?
- குடியாத்தம் வாசகர்

பதில்: இப்போதைக்கு எதற்கும் வேண்டாம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் வரை ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியில், யாரும் கை வைக்க விடாதீர்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் அதிகம், சூடானால் குறைவு, லோடு ஏறினால் மறுபடி. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் பார்ப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத்தான், அதாவது எல்லா சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே அனுப்பும் இரும்புக் குழாயை. மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் கருகியிருந்தாலோ, அதை இறுக்கிப் பிடிக்கும் திருகுக் கம்பியான ஸ்டட் ஒன்று உடைந்திருந்தாலோ, அந்த இடுக்கு வழியாகப் புகை சிறுசிறு அடியாக வெளியே தெறிக்கும். காதுக்கு அது அச்சு அசலாக, வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டின் சத்தம் போலவே இருக்கும். இரும்பு சூடாகி விரிந்தால் இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறையும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் புகையின் அழுத்தம் கூடி மறுபடி கேட்கும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன், வேலூரில் ஒரு பட்டறையில் இதே சத்தத்துக்கு ஹெட்டைக் கழற்றினார்கள். வால்வு தேய்த்து, ராக்கர் புஷ் மாற்றி, ஒன்பது நாள் வண்டி நின்றது. மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே டிக் டிக். கடைசியில் கடைக்கோடி சிலிண்டரின் அடிப்பக்கத்து ஸ்டட் ஒன்று தலை இல்லாமல் நின்றது கண்ணில் பட்டது. சுற்றிலும் மை பூசியது போலக் கரி. டார்ச் அடித்து முதல் நாளே குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒன்பது நாள் வாடகை போனது இன்றைக்கும் மனதில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாளைக் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள். மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் ஒவ்வொரு சிலிண்டராக டார்ச் அடியுங்கள். கறுப்புக் கரி படிந்திருந்தால் ஒழுகல் அங்கேதான். கண்ணுக்குத் தெரியவில்லையா? நீளமான குச்சி நுனியில் ஒரு சாண் நூல் கட்டி, ஸ்டார்ட் செய்த உடனே அந்த இணைப்பு ஓரமாகக் காட்டுங்கள். ஒழுகும் இடத்தில் நூல் துடிக்கும். ஃபேன் பக்கம் மட்டும் போக வேண்டாம், லுங்கியோ துண்டோ தொங்க வேண்டாம்.

ஒழுகல் அங்கேதான் என்றால் வாங்க வேண்டியது கேஸ்கெட்டும் ஸ்டட், நட்டும்தான். இன்ஜின் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்காமல் புது கேஸ்கெட் போட்டுப் பயன் இல்லை, சீக்கிரமே மறுபடி ஊதும். நட்டை நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்க வேண்டும்.

மேனிஃபோல்டு சுத்தமாக இருந்தால், அப்புறம் டேப்பட். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வால்வு கவரின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேளுங்கள். ஓரிடத்தில் மட்டும் ணங் என்று தெளிவாக அடித்தால் அந்த சிலிண்டரின் டேப்பட் இடைவெளி கூடியிருக்கலாம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்தில் பாதிதான் சுற்றும். அதனால் ஐடிலில் டேப்பட் சத்தத்தைக் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம் போல நிதானமாக இருக்கும். இடைவெளியைப் பெரும்பாலும் குளிர்ந்த இன்ஜினில்தான் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டு வைப்பார்கள். கால் மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும் அளவு அது. எக்ஸாஸ்ட் வால்வுக்கு வழக்கமாகக் கொஞ்சம் அதிகம். உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு என்பதை மேனுவலைப் பார்த்தே வையுங்கள். சத்தமே வரக் கூடாது என்று இறுக்கச் சொல்லாதீர்கள். இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டைத் தான் அமரும் சீட்டுக்குக் கடத்த முடியாமல் எரிந்துபோகும். அப்போதுதான் நிஜமாகவே ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும்.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று சந்தேகம் வந்தால், உங்கள் பழைய பம்ப் மாடலில் ஐடிலில் ஒவ்வொரு பைப் நட்டாக மெக்கானிக் தளர்த்திப் பார்ப்பார். எந்த சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் அந்த டிக் டிக் குறைகிறதோ நிற்கிறதோ, கோளாறு அங்கே. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகும் வண்டியில், இன்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். அந்த வண்டிகளில் ஸ்கேனர் போட்டு சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

ஏர் பிரேக் கம்ப்ரஸரையும் மறக்காதீர்கள். டேங்க் நிறைந்து புஸ் என்று காற்று விட்ட உடனே சத்தம் மாறினால் கம்ப்ரஸரைப் பாருங்கள், இன்ஜினை விட்டுவிடுங்கள்.

மருந்து டப்பா வேண்டாம். உடைந்த ஸ்டட்டை எந்த மருந்தும் ஒட்டாது.

கேள்வி: வாலாஜா பக்கம் ஒரு பழைய லாரி விலைக்கு வருகிறது. போய்ப் பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் சத்தம் இருந்தது. "எல்லா லாரியிலும் டேப்பட் சத்தம் இருக்கும்ண்ணே" என்கிறார் தரகர். நம்பலாமா?
- ராணிப்பேட்டை வாசகர்

பதில்: நாம் போகும் முன்பே இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். மறுநாள் விடியற்காலை, சொல்லாமல் போங்கள். பானெட் அல்லது கேபினைத் தூக்கி, இன்ஜின் பிளாக்கில் கை வையுங்கள். சில்லென்று இருந்தால்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு முன் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். டீசல் வண்டி ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். அளவு குறைவா, டீசல் வாடை அடிக்கிறதா, விரலில் தேன் போல நிற்கிறதா என்று பாருங்கள். பல லாரி இன்ஜின்களுக்கு 15டபிள்யூ-40 என்ற கெட்டித்தன்மை உள்ள ஆயில்தான் வழக்கம். சத்தத்தை மறைக்க விற்பவர்கள் அதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றிவிடுவது உண்டு. நீங்கள் பணம் கொடுத்து, சரியான ஆயில் மாற்றிய பிறகே பழைய சத்தம் வெளியே வரும்.

மேலே கேட்கும் மெல்லிய டிக் டிக்குக்கு விலையில் பேரம் பேசலாம். கீழே, ஆயில் சம்ப் பக்கம் கனமாக டொக் டொக் என்று கேட்டு, லேசாக ரேஸ் செய்தால் கூடினால், பேரமே வேண்டாம். அது பிக் எண்ட் பேரிங்காக, அதாவது பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்ட்டோடு சேரும் இடத்துப் பேரிங்காக இருக்கலாம். ஆயில் பிரஷர் மீட்டரும் கீழே நின்றால் சந்தேகமே இல்லை, விட்டுவிடுங்கள்.

கிளட்ச்சை மிதித்தும் விட்டும் பாருங்கள். அதில் சத்தம் மாறினால் கோளாறு கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் பக்கம்.

தரகர் சொன்னதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள். "இன்ஜின் வேலை பார்த்தது" என்றால் எந்தப் பட்டறை, எந்தத் தேதி, பில் எங்கே? பில் இல்லாத வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய வண்டி வியாபாரம் செய்பவரிடம் வாங்கி ஏமாந்தால் சட்டத்தில் வழி இருக்கிறது. லாரி வணிக வாகனம், நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கி ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள், சத்தம் பதிவாகட்டும்.

கேள்வி: என் மினி லாரியில் காலையில் ஸ்டார்ட் செய்தால் நாலைந்து விநாடி மட்டும் டிக் டிக். அப்புறம் ஒன்றும் இல்லை. இலவம்பாடியில் இருந்து கத்திரிக்காய் ஏற்றுகிறேன். பயப்பட வேண்டுமா?
- சத்துவாச்சாரி வாசகர்

பதில்: ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கிவிடுகிறது. மேலே ஏறும் வரை அந்தச் சத்தம். புதிதாகத் தொடங்கியிருந்தால், கடைசியாக மாற்றிய ஆயில் ஃபில்டர் எது என்று யோசியுங்கள். திருகி மாட்டும் ஃபில்டர்கள் பலவற்றில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கும். டூப்ளிகேட் ஃபில்டரில் அது சீக்கிரமே கட்டியாகிப் பிடிக்காமல் போகும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அடுத்த ஆயில் சர்வீஸில் கம்பெனி ஃபில்டராக, பில்லோடு வாங்கிப் போடுங்கள். கடையிலேயே ஃபில்டரைத் திருப்பி ஓரத்து ஓட்டைகளுக்குள் பாருங்கள், வட்டமாக ரப்பர் தெரிய வேண்டும். சத்தம் பத்து விநாடியைத் தாண்டினாலோ ஆயில் விளக்கு அணையாமல் நின்றாலோ வண்டியை எடுக்காதீர்கள். அன்றைய கத்திரிக்காய்க்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.